குப்பி லாம்பும் கவனயீனமும்

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களுக்குச் சில வாக்கியங்கள் கைப்பழக்கமாகிவிடும். செய்தி வந்ததும் சிந்தனைக்கு வேலையின்றிப் பேனா தானாகவே அவற்றை எழுதிவிடும். "கவனயீனமே விபத்துக்குக் காரணம் எனத் தெரியவருகிறது" என்பது அவ்வகையைச் சேர்ந்தது. மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த தீ விபத்துச் செய்திகளுக்கு இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. நான்கு வரிச் செய்தி. முதல் வரியில் லயம், இரண்டாவதில் சேதம், மூன்றாவதில் மண்ணெண்ணெய் விளக்கு, நான்காவதில் கவனயீனம். உள்பக்கத்தின் அடியில் இடம் கிடைத்தால் போடுவார்கள்.

அந்த நான்காவது வரியைப் பற்றியதே இக்கட்டுரை.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தை மாதக் குளிரில், வேறொரு செய்திக்காகப் பட்டிப்பொல சென்றிருந்தேன். இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த நிலையம் அது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். நானுஓயாவுக்கு 1885இல் வந்த பாதை, ஹப்புத்தளையை எட்ட மேலும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. இடையில் இருந்த இந்த மலைமுகடே அத்தாமதத்தின் காரணத்தைச் சொல்லும். நிலையத்தைத் தாண்டி 6,226 அடி என்று எழுதிய உச்சிப் பலகையைக் கடந்தால் சுரங்கம், அதற்கப்பால் ஒஹிய. ஒருபுறம் அம்பேவெலவின் புல்வெளி, மறுபுறம் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் வழி. அதிகாலையில் புல்நுனியில் உறைபனி படியும் ஊர்.

அங்கிருந்து வாகனத்தில் செல்லக்கூடிய தொலைவிலுள்ள ஒரு தோட்டத்தில் முதல்நாள் இரவு ஒரு காம்பரா எரிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் போனேன். உயிர்ச்சேதம் இல்லை. ஒரு சிறுவனுக்குக் கையிலும் கழுத்திலும் தீக்காயம். வைத்தியசாலைக்குக் கொண்டு போயிருந்தார்கள். கரி படிந்த சுவரோரம் அவனுடைய பாட்டி குந்தியிருந்தார். லாம்பு எப்படி விழுந்தது என்று கேட்டேன்.

"லாம்பு விழவே இல்லீங்க ஐயா. வச்ச எடத்துலயேதான் இருந்திச்சு. டப்புன்னு ஒரு சத்தந்தான் கேட்டிச்சு" என்றார்.

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால், செய்தியில் லாம்பு கவிழ்ந்தது என்றே எழுதினேன். லாம்பு என்றால் கவிழத்தானே வேண்டும்? கிழவி பதற்றத்தில் சொல்கிறார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். எண்ணெய் எங்கே வாங்கியது, எந்தப் பாத்திரத்தில் கொண்டுவந்தது, போத்தலில் எவ்வளவு இருந்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

குப்பி லாம்பு என்றால் என்னவென்று இன்றைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலி மருந்துப் போத்தல் அல்லது சோடாப் போத்தல். அதன் வாயில் ஒரு தகர மூடி. மூடியில் துளையிட்டுச் செருகிய குழாய். குழாய்க்குள் பழந்துணித் திரி. உள்ளே மண்ணெண்ணெய். தமிழகத்தார் சீமெண்ணெய் என்றும் கிருஷ்ணாயில் என்றும் சொல்வது இதைத்தான். சிம்னி இல்லை, பிடி இல்லை, விலையும் இல்லை. மின்சாரம் வந்து சேராத லயங்களில் பிள்ளைகள் படித்ததும், தாய்மார் விடியுமுன் ரொட்டி தட்டியதும், இரவில் பிரசவம் பார்த்ததும் இந்த வெளிச்சத்தில்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா. குளிருக்குப் பயந்து கதவு, சன்னல், கூரை இடுக்கு எல்லாவற்றையும் சாக்கும் தாளும் வைத்து அடைத்திருப்பார்கள். இந்த அடைப்பு பின்னர் நமக்கு முக்கியமாகும்.

மண்ணெண்ணெய் லாம்பு உலகுக்கு வந்த கதையிலேயே வெடிப்பும் சேர்ந்து வந்தது. ஆபிரகாம் கெஸ்னர் என்ற கனடியர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வெண்ணெய்க்குக் 'கெரோசின்' என்று பெயரிட்டார். 1859இல் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் சுரந்ததும் அது ஏழைகளின் வெளிச்சமாயிற்று. கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது முதலில் பிரிந்து வருவது மெல்லிய, எளிதில் ஆவியாகும் பகுதி. இன்று நாம் வரிசையில் நின்று வாங்கும் பெற்றோல் அதுதான். மோட்டார் வாகனம் பிறக்காத அக்காலத்தில் அதை வாங்க ஆளில்லை. கொட்டுவதற்கு மனம் வராத வியாபாரிகள் அதைச் சத்தமில்லாமல் மண்ணெண்ணெயில் கலந்து விற்றார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் லாம்புகள் வெடித்தன. பெண்களும் பிள்ளைகளும் எரிந்து மாண்டார்கள். அங்கும் முதலில் சொல்லப்பட்ட காரணம் பாவிப்போரின் கவனயீனமே.

பிறகுதான் எண்ணெயைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. பிரித்தானியாவின் 1868ஆம் ஆண்டுச் சட்டம், திறந்த கிண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கி, அதன் ஆவி எந்த வெப்பத்தில் தீப்பற்றுகிறது என்று பார்க்கச் சொன்னது. எல்லை 100 பாகை பரனைட். திறந்த கிண்ணத்தில் ஆவி காற்றோடு போய்விடும். சோதிப்பவருக்கு ஏற்றபடி விடை மாறும். பிரித்தானிய யுத்தத் திணைக்களத்தின் இரசாயனவியலாளர் பிரெடெரிக் ஏபல் ஒரு மூடிய கிண்ணத்தை வடிவமைத்தார். எண்ணெய்க்கு மேலே சிறிது வெற்றிடம், அதன்மேல் மூடி. மெல்லச் சூடாக்கியபடி, சிறு துவாரத்தைத் திறந்து ஒரு குட்டிச் சுடரை உள்ளே காட்டுவார்கள். ஒரு கட்டத்தில் நீலச் சுவாலை ஒன்று உள்ளே பளிச்சென்று ஓடி மறையும். அந்த வெப்பமே தீப்பற்று நிலை. 1879ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஏற்று, 73 பாகை பரனைட்டை, அதாவது ஏறத்தாழ 23 பாகை செல்சியஸை, எல்லையாக்கியது.

ஏபலின் கிண்ணம் உண்மையில் ஒரு குப்பி லாம்பின் உருவம். அடியில் எண்ணெய், மேலே வெற்றிடம், வாயில் நெருப்பு. எரிவது திரவம் என்று நாம் நினைக்கிறோம். திரவத்துக்கு மேலே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் இடமே வெடிக்கும் இடம் என்பதை அந்தக் கிண்ணம் உலகுக்குக் காட்டியது. அந்த 23 பாகை இங்கிலாந்தின் குளிருக்குப் போதுமானதாகத் தோன்றியிருக்கலாம்; கொழும்பின் சராசரி வெப்பமே 27 பாகையை ஒட்டியது. இன்றைய மண்ணெண்ணெய்க்கு வழமையான எல்லை 38 பாகை செல்சியஸ். ஆக, மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்பது அதன் பிறவிக் குணமன்று. பலர் எரிந்த பிறகு மனிதர் எழுதிவைத்த ஓர் இலக்கம் அது. அந்த இலக்கத்தைச் சிறிதளவு பெற்றோல் அழித்துவிடும்.

இங்கேதான் நான் வெகுகாலம் அறியாதிருந்த செய்தி வருகிறது. பெற்றோல் ஆவி எந்த அளவில் இருந்தாலும் வெடிக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்குக்குக் குறைந்தால் எரியாது, 7.6 பங்குக்கு மேற்பட்டாலும், காற்றுப் போதாமல், எரியாது. இடைப்பட்ட அளவே ஆபத்து. 15 பாகைக் குளிரில் மூடியிருக்கும் போத்தலில் தூய மண்ணெண்ணெயின் ஆவி கீழ் எல்லையைத் தொடாது. தூய பெற்றோலின் ஆவியோ மேல் எல்லையை வெகுதூரம் தாண்டிவிடும். மண்ணெண்ணெயோடு நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் பெற்றோல் கலந்துவிட்டால், போத்தலின் வெற்றிடம் அந்த இடைவெளிக்குள்ளே வந்து நிற்கும். கலப்படம் தூய பொருள்கள் இரண்டையும்விட அபாயமானதாகிவிடுகிறது. திரிக்கும் குழாய்க்கும் இடையே சிறு இடுக்கிருந்தால் சுடர் அதன்வழி உள்ளே இறங்கும். எண்ணெய் குறையக் குறைய வெற்றிடம் பெரிதாகும். நிறைந்த லாம்பைவிட, இரவு முழுதும் எரிந்து அடியில் கொஞ்சம் மிஞ்சிய லாம்புக்கே வெடிக்கும் வல்லமை அதிகம்.

இந்தக் கலப்பு எப்போதும் மோசடியால் வருவதில்லை. பெற்றோல் கொண்டுவந்த கலனைக் கழுவாமல் அதிலேயே மண்ணெண்ணெய் வாங்குவது போதும். பெற்றோல் ஏற்றிய பவுசரில் சரியாக வடிக்காமல் மண்ணெண்ணெய் ஏற்றுவது போதும். நைஜீரியாவின் பெனின் நகரில் 2001ஆம் ஆண்டு பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் விற்பனைக்கு வந்து, விளக்குகளும் அடுப்புகளும் வீட்டுக்கு வீடு வெடித்துப் பலரைப் பலிகொண்டன. வாங்கியவர்களில் எவரும் கவனயீனர் அல்லர்.

வடக்கிலிருந்து புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இவ்விரு எண்ணெய்களின் உறவு அனுபவத்தில் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் கிளம்பா. சிறு குப்பியில் தங்கம்போல் காத்துவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால்தான் இயந்திரம் உயிர்பெறும். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். குளிர்ந்த மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதே காரணம். அதே குணம்தான் இரவில் ஜாம் போத்தல் விளக்கை வெடிக்காமல் காத்தது. ஒரே வீட்டில், ஒரே மூலையில், ஒரே மாதிரியான போத்தல்களில் இரண்டும் இருந்தன. அக்காலத்துத் தாய்மார் போத்தல்களை மாற்றிவிடாமல் காத்த விழிப்பை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இனி பட்டிப்பொலவின் குளிருக்கு வருவோம். குளிர்ப் பிரதேசத்தில் எண்ணெய் அவ்வளவு இலகுவில் பற்றாது என்று மலையகத்தில் பலர் நம்புவதைக் கேட்டிருக்கிறேன். மண்ணெண்ணெயைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. மறுபாதியை உயரம் எடுத்துக்கொள்கிறது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தத்தில் அதே அளவு ஆவி காற்றில் பெரிய பங்காகிவிடுகிறது. பட்டிப்பொல உயரத்தில் மண்ணெண்ணெயின் தீப்பற்று நிலை கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 5 பாகை தாழ்ந்துவிடும். பெற்றோலுக்கோ இந்தக் கணக்கே வேண்டாம். அதன் தீப்பற்று நிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவில். பட்டிப்பொலவின் உறைபனி அதற்கு வெயில்.

உயரம் செய்யும் இந்த வேலையை உலகம் கண்ட சம்பவம் ஒன்று உண்டு. 1996 யூலை 17ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 விமானம், பன்னிரண்டு நிமிடங்களில், 13,800 அடி உயரத்தில் வெடித்துச் சிதறியது. 230 பேரும் மாண்டனர். குண்டு என்றார்கள், ஏவுகணை என்றார்கள். நான்கு ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டில் சொன்ன முடிவு வேறு. நடு இறக்கைத் தொட்டியில் இருந்த எரிபொருள் ஆவி தீப்பற்றியது. மின்கம்பிக் கோளாறே அதற்கான பொறியைத் தந்திருக்கக்கூடும் என்பதே அது. அந்தத் தொட்டி நிறைந்திருக்கவில்லை. அடியில் சிறிதளவே எண்ணெய் இருந்தது. கீழிருந்த குளிர்சாதனக் கருவிகளின் வெப்பம் அதைச் சூடாக்கியிருந்தது. விமான எரிபொருள் என்று நாம் பெரிதாகச் சொல்வது நம் குப்பி லாம்பின் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு. அதே எண்ணெய், அதே வெற்றிடம், அதே டப் என்ற சத்தம். அதன் பின்னர் 2008இல் அமெரிக்க விமான ஒழுங்குத்துறை, அத்தகைய தொட்டிகளில் ஆவி தீப்பற்றும் வாய்ப்பைக் குறைக்க வேண்டும் என்று விதித்தது. தொட்டியின் வெற்றிடத்தை நைதரசனால் நிரப்பும் முறை பரவியது.

கடலிலும் இப்பாடம் விலை கொடுத்தே கற்கப்பட்டது. 1969 டிசம்பரில், மூன்றே வாரங்களுக்குள், மார்ப்பெசா, மக்ட்ரா, கொங் ஹாகொன் என்ற மூன்று இராட்சத எண்ணெய்க் கப்பல்கள் ஆபிரிக்கக் கரையோரங்களில் வெடித்தன. மூன்றும் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பியவை. தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதே வெடிப்பு நேர்ந்தது. நீர்த்தாரையால் எழுந்த நிலைமின்னே பொறியாயிற்று என்று பின்னர் கண்டார்கள். தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி செய்வதற்காகப் பழைய எண்ணெய்ப் பீப்பாயை வெட்டவும் ஒட்டவும் முனைபவருக்கும் அந்தக் கப்பலோட்டிகளுக்கும் நேரும் ஆபத்து ஒன்றே. காலியான பீப்பாய் காலியானதன்று.

இப்போது அடைத்த காம்பராவை நினைத்துப் பாருங்கள். காம்பராவும் ஒரு பெரிய போத்தல்தான். ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 200 லீற்றர் ஆவி கிடைக்கும். அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலெழுந்து கலைந்து போகாது. வெள்ளம்போல் தரையோடு பரவி, தாழ்ந்த இடத்தில் தேங்கும். நின்றிருப்பவர் மூக்குக்கு எட்டுமுன் தரையில் படுத்திருக்கும் பிள்ளையைச் சூழ்ந்திருக்கும். மலையகத்துச் சமையல் அடுப்பும் தரையில்தான். அறை முழுவதும் நிறைய வேண்டியதில்லை; தரையோரம் அந்த 1.4 பங்கு சேர்ந்தால் போதும். காற்றோட்டமுள்ள வீட்டில் கலைந்துபோகும் ஆவியைச் சாக்கு அடைத்த இடுக்குகள் வெளியே விடுவதில்லை. இடைச்சுவர் கூரையை முட்டாத லயங்களில் ஒரு காம்பராவின் தீ வரிசை முழுவதற்கும் சொந்தமாகிவிடும்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது மின்சாரம் வந்துவிட்டது என்று சொல்வோர் 2022ஐ மறந்தவர்கள். அந்த ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நாள்கணக்கில் நின்றவர்கள், கிடைத்த பெற்றோலைக் கலன்களிலும் தண்ணீர்ப் போத்தல்களிலும் அடைத்து, களவு போகாதிருக்கக் கட்டிலுக்கடியில் வைத்தார்கள். வீடுகளில் தீ விபத்துக்கள் நேர்ந்தன. கலன்களில் எரிபொருள் விற்பதற்குத் தடை வந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மலிவான எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று ஏழைகள் தேடும்போதுதான் போத்தலில் என்ன இருக்கிறது என்ற கேள்வி மீண்டும் உயிர்பெறுகிறது. அதற்கு முன்னர் 2021இன் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயுவால் வீடுகளில் வெடிப்புகள் நேர்ந்தபோதும், முதலில் குற்றம் சாட்டப்பட்டது வீட்டுக்காரரின் குழாயும் அடுப்பும்தான். பின்னர் ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் இருந்த வாயுக்கலவையின் விகிதமாற்றத்தைச் சுட்டிக்காட்டியது. 1860களின் கதை 2021இலும் அதே ஒழுங்கில் நடந்தேறியது.

கவனயீனம் என்று சொல்லி ஒதுங்காத ஒருவரை இங்கு நினைவுகூர வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி லாம்புகளால் எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். காயத்துக்கு மருந்திடுவதோடு நில்லாமல் லாம்பையே மாற்ற முனைந்தார். மார்மைட் போத்தலின் உருவம் அவருக்கு வழிகாட்டியது. குட்டையான, கனத்த கண்ணாடி. சாய்ந்தாலும் உருண்டோடாதபடி இரு பக்கம் தட்டை. எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அந்தப் பணிக்கு 1998இல் சர்வதேச ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இலட்சக்கணக்கான லாம்புகள் ஏழை வீடுகளுக்குச் சென்றன. மக்களை அவர் திட்டவில்லை. தவறினாலும் எரியாத லாம்பைக் கொடுத்தார். கவிழும் லாம்புக்கு அது விடை. கலப்படமான எண்ணெய்க்கு விடை விற்பவரிடமும் சோதிக்க வேண்டியவரிடமும் இருக்கிறது.

வாசகர்கள் தம் வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. பெற்றோலை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பெற்றோல் கண்ட கலனில் ஒருபோதும் மண்ணெண்ணெய் வாங்காதீர்கள். எரிந்துகொண்டிருக்கும் விளக்கிலோ அடுப்பிலோ எண்ணெய் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெயில் பெற்றோல் வாடை வந்தால் அதை ஏற்றாதீர்கள். அறையில் எரிபொருள் வாடை அடித்தால் தீப்பெட்டியையும் மின்ஆளியையும் தொடாமல், கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். பழைய பீப்பாயில் நெருப்பு வைக்காதீர்கள்.

பத்திரிகையில் இருக்கும் இளைய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லயம் எரிந்த செய்தி வரும்போது நான்காவது வரியை எழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். போத்தலில் என்ன இருந்தது?

பட்டிப்பொலவில் அன்று அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல இயலாது. கண்ணாடிச் சில்லுகளை நான் பார்க்கும்போதே கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த மூதாட்டி சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. லாம்பு விழவில்லை என்றார் அவர். அச்சில் அதை நான் விழுத்தினேன். அவர் சொன்னதை இத்தனை காலம் கழித்தாவது, சொன்னபடியே, இங்கே எழுதிவைக்கிறேன்.